டெர்பிஷயர் பாசியா, ஏஞ்சல் சுறாவா: கோடை ஆய்வுக்கு எதை எடுப்பது?

பிரிட்டனில் சூழலியலோ உயிரினப் பாதுகாப்போ முதுகலை படிக்கும் நம் மாணவர்களுக்கு மார்ச் மாதம் வந்தால் போதும், ஒரே குழப்பம்: கோடை ஆய்வுக்கு எந்த உயிரினத்தை எடுப்பது? அருகிவரும் இனம்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் முன்னால் எதிரெதிராக வந்து நிற்பவை இரண்டு. ஒன்று, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரே ஒரு சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கில் மட்டும் வளரும் டெர்பிஷயர் இறகுப் பாசி. குளத்துப் பாசி இல்லை, ஈரப் பாறையில் வளரும் சிறு தாவரமான மாஸ் (moss). மற்றது, ஒரு காலத்தில் நார்வேயிலிருந்து மேற்கு சஹாரா வரை பரவியிருந்த ஏஞ்சல் சுறா. இன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளை விட்டால் அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படுகிறது.

இரண்டுமே மிக அருகிய இனங்கள். சுறா என்றால் வீட்டில் சொல்லப் பெருமை, பாசி என்றால் "அதுக்கா லண்டன் போனே?" என்ற கேள்வி. இதை வைத்து முடிவெடுத்துவிட்டு ஜூலையில் தரவு இல்லாமல் தவிப்பவர்கள் உண்டு. ஆய்வுக்கு எடுக்காமல் வார இறுதியில் தன்னார்வலராகப் போகவோ, மாதம் பத்து பவுண்டு கொடுக்கவோ நினைப்பவர்களுக்கும் இந்த ஒப்பீட்டில் பெரும்பகுதி பொருந்தும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் பார்க்க வேண்டியது அணுகல். சட்டப்படியும் உடலளவிலும் நீங்கள் அந்த உயிரினத்தின் பக்கத்தில் போக முடியுமா? அடுத்தது தரவு: மே முதல் ஆகஸ்ட் வரையுள்ள அவகாசத்தில், ஒற்றை ஆளாக, ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான எண்கள் கையில் சேருமா? மூன்றாவது மறைமுகச் செலவு. விசா, உரிமம், காத்திருப்பு எல்லாம் இதில் அடங்கும். திட்ட முன்மொழிவில் யாரும் இவற்றை எழுதுவதில்லை. நான்காவதுதான் பலரும் கேட்க மறக்கும் கேள்வி: உங்கள் வேலையால் அந்த உயிரினத்துக்கு லாபமா, நஷ்டமா? கடைசியாக, படிப்பு முடிந்தபின் கையில் நிற்கும் திறமை என்ன?

இந்தப் பாசியின் பிரச்சினை பாசியில் இல்லை, அதன் மேல் வழியும் தண்ணீரில் இருக்கிறது. இந்தச் சுறாவின் பிரச்சினை மீனவர் வலையிலும் தூண்டிலிலும் இருக்கிறது. ஆகவே உண்மையான தேர்வு தண்ணீரை அளக்கும் வேலைக்கும் மனிதரோடு பேசும் வேலைக்கும் நடுவில்தான். கீழே வரும் எல்லாவற்றையும் இதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

## டெர்பிஷயர் இறகுப் பாசி

தாம்னோப்ரியம் அங்குஸ்டிஃபோலியம் என்பது அறிவியல் பெயர். 1883-இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஊற்றுநீர் இடைவிடாமல் வழியும் சுண்ணாம்புப் பாறையில் முக்கியத் திட்டு சுமார் 3 சதுர மீட்டர். பக்கத்தில் சில சிறு திட்டுகள். உலகத்திலேயே அவ்வளவுதான். இதில் வித்துப்பை கண்டதாகப் பதிவில்லை. காற்றில் வித்தைத் தூவி அடுத்த பாறைக்குத் தாவும் வழி இதற்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

### அணுகல்

இடம் எது என்பதைத் துல்லியமாக வெளியிடுவதில்லை. பழைய காலத்துச் சேகரிப்பாளர்கள் பிடுங்கிப்போன அனுபவம்தான் காரணம். 1981-ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் 8-ஆம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில், இது இருக்கிறது. ஓர் இழை பறித்தாலும் குற்றம். மாதிரி எடுக்க, அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் உரிமம் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் தனியாகக் கேட்டால் அது கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கிடைத்தாலும் போகலாமா என்பது வேறு கேள்வி. அந்தப் பாறையடியில் ஒரு ஆள் கால் வழுக்கினால் உலகத் தொகையில் ஒரு பங்கு போய்விடும். பூட்ஸ் வழியாக நோய்க்கிருமி, பிற நீர்த்தாவரத் துண்டுகள் வந்து சேரும் ஆபத்தும் உண்டு. டெர்பிஷயரின் மலைப்பகுதியான பீக் மாவட்டத்து ஓடைகளில் இறங்குபவர் எவரும் "பார், கழுவு, காயவை" விதியைப் பின்பற்ற வேண்டும்: சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கழுவி, அடுத்த ஓடைக்குப் போகுமுன் முழுக்கக் காயவைப்பது. அங்குள்ள வெள்ளைக்கால் நன்னீர் இறாலைக் கொல்லும் பூஞ்சை போன்ற கிருமி இப்படித்தான் பரவுகிறது.

### தரவு

அப்படியானால் பாசி ஆய்வே வேண்டாமா? வேண்டும், பாறையைத் தொடாமல். சுண்ணாம்புப் பகுதியில் மழைநீர் மண்ணில் மெல்ல வடிவதில்லை. பாறை விரிசல் வழியாக நேராக ஊற்றுக்குப் போய்விடும். மேலே வயலில் போட்ட உரமும் சாணக்கரைசலும் கூடவே வரும். பாசிக்கு வேர் கிடையாது, இலை மேல் மெழுகுத்தோலும் பெரிதாக இல்லை. தண்ணீரில் இருப்பதை இலைப்பரப்பு அப்படியே உறிஞ்சும். நைட்ரேட் கூடினால் பச்சை இழைப்பாசி படர்ந்து இதை மூடும். ஊற்று வற்றினால் கதையே முடிந்தது.

ஆகவே நல்ல ஆய்வுக் கேள்வி இப்படி இருக்கும்: சுண்ணாம்புப் பள்ளத்தாக்கு ஊற்றுகளில் மழைக்குப் பிறகு நைட்ரேட், மின்கடத்துதிறன், நீரோட்டம் எப்படி மாறுகின்றன, அங்குள்ள பொதுவான பாசிகள் அதற்கு எப்படி நடந்துகொள்கின்றன? வாரம் ஒருமுறை அளவெடுங்கள். பெருமழை பெய்தால் அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் கூடுதலாக ஒருமுறை. நீரோட்டத்துக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். தண்ணீர் கொட்டும் இடத்தில் 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுத்தால் போதும்.

பாசிப் பரப்புக்கு நிலையான புள்ளியிலிருந்து படம் எடுப்பதே வழி. இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று விதத்தில். ஈரப் பாறை வெயிலில் பளபளத்தால் மென்பொருள் அந்தப் பளபளப்பை வெற்றுப் பாறை என்று கணக்கிடும். மேகமூட்ட நாளில், பளபளப்பைக் குறைக்கும் துருவமாக்கும் வடிகட்டியை (polarizing filter) லென்ஸில் மாட்டி எடுங்கள். கேமரா கோணம் சில டிகிரி மாறினாலே பரப்பளவு மாறிவிடும். பாறையில் எதையும் பொருத்தாமல் எதிர்க்கரையில் முக்காலிக்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் பெரிய தலைவலி: உறவினப் பாசியோடு வரும் குழப்பம்.

தாம்னோப்ரியம் அலோபெக்யூரம் என்ற உறவினப் பாசி பிரிட்டன் முழுக்க மலிவு. நிழலான வரப்பில் வளரும்போது அது குட்டி மரம் போல அடித்தண்டும் கிளையுமாக நிற்கும், யாரும் அடையாளம் காணலாம். ஆனால் ஊற்றுநீர் தெறிக்கும் பாறையில் கிளைகள் குறைந்து, இலை ஒடுங்கி, அரிய பாசியின் சாயலுக்கு வந்துவிடும். 10 மடங்கு கை லென்ஸை இலை நுனிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பொதுப் பாசியின் இலை முட்டைவடிவம், நுனியில் நெருக்கமான பற்கள். அரியதன் இலை குறுகல், தடித்த நடுநரம்பு இலையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும், நுனிப் பற்கள் குறைவாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கும். மரபணு ரீதியாக இரண்டும் மிக நெருக்கம். தனி இனமாகவே கொள்ளலாமா என்ற விவாதமும் இருக்கிறது. உங்கள் தேர்வாளர் இதைக் கேட்காமல் விடமாட்டார். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

### மறைமுகச் செலவு

பணம் குறைவாகவும் நேரம் அதிகமாகவும் போகும். பாசிகளை அடையாளம் காணக் கண் பழக இரண்டு மாதமாவது ஆகும். மே மாதம் தொடங்கலாம் என்றிருந்தால் பிப்ரவரியிலேயே பழகத் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் பாசியியல் கழகத்தின் களப்பயணங்கள் இதற்கு நல்ல வழி, தொடக்கநிலை ஆட்களையும் சேர்த்துக்கொள்வார்கள். பழகுவதற்கான மாதிரியைச் செய்தித்தாள் மடிப்பில் காயவையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

பள்ளத்தாக்குகளுக்குப் பேருந்து அரிது. கார் இல்லாதவர் மழை முடிந்த மறுநாள் காலை அங்கே நிற்பது எப்படி என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நில உரிமையாளர் அனுமதியும், பாதுகாக்கப்பட்ட அறிவியல் பகுதியாக இருந்தால் நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். படங்களில் இருக்கும் இடக்குறிப்பை நீக்காமல் ஆய்வேட்டில் சேர்த்துவிட்டால், இத்தனை காலம் மறைத்த இடத்தை நீங்களே ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

### யாருக்கு ஏற்றது

தனியாக வேலை செய்யப் பிடித்தவர், நுண்ணோக்கி முன் மணிக்கணக்கில் உட்காரக் கூடியவர், நீர்வேதியியலில் ஆர்வம் உள்ளவர். படித்து முடித்தபின் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களில் பாசி தெரிந்த ஆளுக்குத் தேவை இருக்கிறது, ஆட்கள்தான் குறைவு. ஆய்வகத்தை விரும்புபவருக்கு இன்னொரு பாதையும் உண்டு: கியூ தாவரவியல் பூங்காவில், அருகிவரும் பிரிட்டிஷ் பாசிகளின் துணுக்குகளை ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளாலான சிறு மணிகளில் பொதிந்து, சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, −196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜனில் சேமிக்கும் முறையை உருவாக்கினார்கள். பொதுவான பாசிகளை வைத்து இதே முறையைப் பழகலாம், அதற்கு 8-ஆம் அட்டவணை குறுக்கே நிற்காது.

## ஏஞ்சல் சுறா

தூத்துக்குடி ஏலக்கூடத்தில் உழுவை பார்த்தவர்களுக்கு இதன் உடல்வாகு புதிதாக இருக்காது: தட்டை உடம்பு, அகன்ற மார்புத் துடுப்பு. ஸ்குவாடினா ஸ்குவாடினா என்ற இந்த இனத்தின் பெண் 2.4 மீட்டர் வரை வளரும். பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, தலைக்கு மேல் வரும் மீனைத் திடீரென எழும்பிக் கவ்வும். குட்டி போடும் இனம். 8 முதல் 10 மாதம் சுமந்து 7 முதல் 25 குட்டி ஈனும். பிறக்கும்போது குட்டி ஒரு அடி நீளம்கூட இருக்காது.

மணலில் அசையாமல் கிடக்கும் பழக்கமே இதற்கு எமன். அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவை மடிக்கு இது தப்புவதில்லை. வட கடலில் அற்றுப்போய்விட்டது என்றே கருதப்படுகிறது. கேனரி தீவுகளில் இன்னும் மிஞ்சியிருப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, அங்கே அடிமட்ட இழுவை மீன்பிடிப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தடை விதித்தது.

### அணுகல்

பிரிட்டிஷ் கடலில் 2008 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வேண்டுமென்று பிடிப்பது, காயப்படுத்துவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். ஆனால் அங்கே பெரிய சிக்கல் சட்டத்தைவிட எண்ணிக்கைதான். வேல்ஸ் கடற்கரையில், கார்டிகன் விரிகுடா, லீன் தீபகற்பம் பக்கம் ஏஞ்சல் சுறா இருக்கிறது. 2018 முதல் லண்டன் விலங்கியல் கழகமும் வேல்ஸ் இயற்கை வள அமைப்பும் அதற்கென ஒரு திட்டம் நடத்துகின்றன. அங்கே குட்டிச் சுறா ஒன்று நீருக்கடியில் படம்பிடிக்கப்பட்டதே 2021-இல் செய்தியானது. கோடை முழுக்க டைவ் அடித்தாலும் நீங்கள் ஒன்றைப் பார்க்க மாட்டீர்கள் என்ற கணக்கில்தான் திட்டம் போட வேண்டும்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் கேனரி தீவுகள். அங்கே 2014 முதல் ஏஞ்சல் சுறா திட்டம் இயங்குகிறது. அத்தீவுகளில் ஒன்றான டெனரீஃப்பின் லாஸ் தெரெசிதாஸ் கடற்கரை குட்டிகளின் வளர்ப்பிடம். ஆழமில்லாத நீரில் இரவில் டார்ச் அடித்துத் தேடினால் தென்படும். பெரியவை டைவர்களுக்கு அதிகம் தென்படுவது குளிர்காலத்தில். உங்கள் ஆய்வுக் காலமோ கோடை.

### தரவு

வேல்ஸில் மூன்று மாதத்தில் முடிக்கக் கூடிய வேலை, நினைவுகளைச் சேகரிப்பது. தூண்டில்காரர்கள், வாடகைப் படகு ஓட்டுநர்கள், ஓய்வுபெற்ற மீனவர்கள் ஆகியோரிடம் எப்போது, எங்கே, எந்த ஆழத்தில், எந்த வலையில் மாட்டியது என்று கேட்பது. பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால் பத்துப் பேட்டிக்குச் சமம். பக்கத்தில் நிற்கும் ஆளை வைத்து மீனின் நீளத்தை மதிப்பிடலாம்.

இதில் கெட்டுப்போவது அடையாளம். பெரிய வாயுள்ள ஆங்லர் மீனும் ஏஞ்சல் சுறாவும் மாங்க்ஃபிஷ் என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டவை. "எழுபதுகளில் மாங்க்ஃபிஷ் ஏராளம்" என்று ஒருவர் சொன்னால் அது எந்த மீன் என்று உங்களுக்குத் தெரியாது. பெயரைச் சொல்லாமல் படஅட்டைகளைக் காட்டிக் கேளுங்கள்: ஏஞ்சல் சுறா, ஆங்லர் மீன், முள்திருக்கை மூன்றும் கலந்திருக்கட்டும். அடையாளம் சொல்லும்போது கவனிக்க வேண்டியது வாய் இருக்கும் இடம். திருக்கைக்கு வாய் அடியில். ஏஞ்சல் சுறாவுக்கு முகத்தின் முன்பக்கம், மார்புத் துடுப்பின் முன்னோரமும் தலையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். இறங்குதளத்துப் பழைய பதிவேடுகளுக்கும் இதே எச்சரிக்கை.

கடல்நீரை வடிகட்டி அதில் மிதக்கும் டிஎன்ஏவைத் தேடும் இ-டிஎன்ஏ முறை கவர்ச்சியானது. கோர்சிகா தீவைச் சுற்றி இந்தச் சுறா இருப்பதை அப்படிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் களத்தில் ஒவ்வொரு முறையும் தூய நீரையும் அதே வடிகட்டியில் ஓட்டி ஒப்பீட்டு மாதிரி எடுக்காவிட்டால் மாசு வந்ததா, சுறா வந்ததா என்று சொல்ல முடியாது. 'கிடைக்கவில்லை' என்ற முடிவுக்கும் 'இல்லை' என்ற பொருள் கிடையாது. ஆய்வகக் கட்டணத்தை உங்கள் துறை ஏற்குமா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இன்னொரு பொறி: கடற்கரையில் ஒதுங்கும் முட்டைப்பைகளைத் தேடும் சுறா அறக்கட்டளையின் திட்டம் புகழ்பெற்றது. அதில் இந்தச் சுறாவின் தரவு வராது, இது முட்டையிடும் இனமே இல்லை. அதைத் தெரியாமல் முன்மொழிவில் எழுதிவிடாதீர்கள்.

### மறைமுகச் செலவு

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு முதல் தடை கடல் இல்லை, விசா. பிரிட்டன் மாணவர் விசா கேனரிக்குச் செல்லாது. அது ஸ்பெயின், ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். கோடையில் நேர்காணல் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான் அனுமதிக்கும். ஸ்பெயினில் டைவிங் செய்ய மருத்துவச் சான்றும் காப்பீடும் கேட்பார்கள்.

வேல்ஸ் வேலைக்கு வேறு விதமான செலவு. மனிதரைப் பேட்டி எடுக்கப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், திருத்தம் கேட்டுத் திருப்பினால் இன்னும் சில வாரம். லீன் பக்கம் வேல்ஷ் பேசுவோர் அதிகம். ஒப்புதல் படிவத்தை இரு மொழியிலும் அச்சிடுங்கள். வேல்ஷ் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பேச்சின் தரமே மாறும். மீனவர்கள் சொன்ன இடங்களை அப்படியே வெளியிட்டால் அவர்களின் தொழில் ரகசியத்தையும் சுறாவின் இருப்பிடத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடுவீர்கள். வரைபடத்தை வேண்டுமென்றே பெரிய கட்டங்களாகப் போடுங்கள்.

தன்னார்வலராகச் சேர்வோர் விசா விதியையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தமும் கட்டாய நேரமும் உள்ள ஊதியமற்ற வேலை, படிப்புக் காலத்து வாராந்தர 20 மணி நேரக் கணக்கில் சேரும். சேருமுன் பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் கேட்டுவிடுவது நல்லது.

### யாருக்கு ஏற்றது

முன்பின் தெரியாத ஆளிடம் துறைமுகத்தில் போய் நின்று பேச்சுக் கொடுக்கக் கூடியவர். மீனவக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்றால் உங்களுக்கு இது இன்னும் எளிது. வலைக்கண் அளவு பற்றி நீங்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே அவர்கள் உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| கேள்வி | இறகுப் பாசி | ஏஞ்சல் சுறா |
|---|---|---|
| பரவல் | ஒரே பள்ளத்தாக்கு, சுமார் 3 சதுர மீட்டர் முக்கியத் திட்டு | கேனரி தீவுகள் முதன்மை. வேல்ஸ், மத்தியதரைக் கடலில் அரிதாக |
| நேரில் பார்க்கும் வாய்ப்பு | அனுமதி கிடைத்தால் உறுதி. போகாமல் இருப்பதே நல்லது | வேல்ஸில் மிகக் குறைவு, கேனரியில் நல்லது |
| மூன்று மாதத்தில் முடியும் வேலை | ஊற்றுநீர் அளவீடு, பொதுப் பாசிகளின் பரப்பு | பேட்டி, பழைய படங்கள், பதிவேடுகள் |
| தரவு கெடும் இடம் | உறவினப் பாசியோடு குழப்பம், படத்தில் பளபளப்பு | ஆங்லர் மீனோடு குழப்பம், 'இல்லை' என்ற பொய் முடிவு |
| பெரிய மறைமுகச் செலவு | கண் பழகும் காலம், கார் | விசா, நெறிமுறை ஒப்புதல், ஆய்வகக் கட்டணம் |
| உங்களால் வரும் ஆபத்து | மிதிபடுதல், கிருமி, இடம் வெளியாவது | இடம் வெளியாவது, டைவர் தொந்தரவு |

## எங்கள் பரிந்துரை

கையில் பணம் குறைவு, டைவிங் தெரியாது, எண்கள் உறுதியாக வேண்டும் என்றால் பாசி. மூன்று மாதத்தில் 12 வார அளவீடும் மழைக்குப் பிந்தைய அளவீடுகளும் சேர்ந்தால் ஆய்வேடு நிற்கும். ஒரு வாரம் தவறினாலும் சமாளிக்கலாம். மனிதரோடு பழக வரும், நிகழ்தகவுப் புள்ளியியலைவிட உரையாடலைப் பகுத்தாய்வதில் தேர்ச்சி உண்டு என்றால் வேல்ஸ் சுறா. கேனரிக்குப் போவதை முதுகலைத் திட்டமாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். முனைவர் பட்டக் காலத்தில், குளிர்காலமும் கணக்கில் வரும்போது அதற்கு அர்த்தம் உண்டு.

கொடை என்று வந்தால் நிலைமை வேறு. சுறாவுக்குப் பெயர் சொல்லி நடக்கும் திட்டம் இருக்கிறது, உங்கள் பத்து பவுண்டு படகு ஓட்டுநர் பயிற்சிக்கோ கையேட்டுக்கோ உதவும். பிடிபட்ட சுறாவை வாலைப் பிடித்துத் தூக்காமல், நீரிலேயே வைத்து, தூண்டில் நரம்பை முடிந்தவரை முள்ளின் அருகில் வெட்டி விடுவது என்ற ஒரே பழக்கம் பரவினாலே அது பிழைக்கும் வாய்ப்புக் கூடும். பாசிக்குத் தனி உண்டியல் கிடையாது. தாவரங்களுக்காக இயங்கும் பிளான்ட்லைஃப் போன்ற அமைப்பின் பொது நிதிக்கோ பாசியியல் கழகத்துக்கோ கொடுப்பதுதான் வழி, அது அந்த 3 சதுர மீட்டருக்கே போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

எதை எடுத்தாலும் தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். சுறா என்றால் நெறிமுறை விண்ணப்பம் மார்ச் முடிவதற்குள் போய்விட வேண்டும். அதற்கு முன் படஅட்டைகளை நண்பர்கள் நால்வரிடம் காட்டிச் சோதித்துவிடுங்கள். பாசி என்றால் முதல் மின்னஞ்சல் நில உரிமையாளருக்கு, அடுத்தது நேச்சுரல் இங்கிலாந்துக்கு. இரண்டு பதிலும் எழுத்தில் வந்தபிறகு அளவீட்டு இடங்களை முடிவு செய்யுங்கள். இரண்டு பதிலும் வராத நிலைக்கு, பொதுப்பாதை கடந்து போகும் ஒரு சாதாரண ஊற்றையும் மாற்றாகக் குறித்து, அதற்குரிய அனுமதியையும் சேர்த்தே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.